ஊழியர்க்கு ஊழியன்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி வாடிகன் நகரில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தின் படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. நமது நேயர்களில் பலரும் அதைக் கண்டிருப்பார்கள். தென் சூடான் தேசத்தில் 2013 டிசம்பரில் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் எதிரெதிராக நின்ற சல்வா கீர், ரியக் மச்சார் என்ற இருவரையும், அவர்களுடைய சகாக்கள் சிலரையும் தியானத்திற்கென்று வரவழைத்திருந்த போப் பிரான்சிஸ், 82 வயதான தமது சரீரத்தை மிக்க சிரமத்துடன் வளைத்து, தரையில் முழந்தாளிட்டு, அவர்களுடைய பாதரட்சைகளை ஒவ்வொருவராக முத்தமிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பகைவர் இருவரும் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்தார்கள். 2025 மார்ச்சிலோ ஒருவர் மற்றவரை வீட்டுக் காவலில் வைத்துவிட்டார். அதற்கடுத்த மாதம் 21ஆம் தேதி பிரான்சிஸ் காலமானார்.

பணிவினால் விளைந்த பயன் இவ்வளவுதானா என்று கேட்கக்கூடியவர்கள் நம்மிடையே உண்டு. பொதுக் காரியங்களில் உழைப்பவர்கள் பலன் எங்கே என்று கேட்பது இயல்பே. பணிவு தனி மனிதனுக்கு அணிகலனாகலாம், பலரை நடத்திச் செல்ல வேண்டியவனுக்கு அது விலங்காகிவிடாதா என்பதே அவர்களுடைய சங்கை. இந்தச் சங்கை நேற்றுப் பிறந்ததன்று. போப்பாண்டவர்கள் தங்களுக்குரிய விருதுகளுள் ஒன்றாகத் தரித்து வருகின்ற ‘தேவனுடைய ஊழியர்க்கு ஊழியன்’ என்ற பெயரை வழக்கத்திற்குக் கொண்டுவந்த முதலாம் கிரெகோரியார், இதே கேள்வியைப் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தம்மையே கேட்டுக்கொண்டு ஒரு நூலும் எழுதி வைத்திருக்கிறார். அந்நூலையும், அதைவிட முக்கியமாக, அதை எழுதியவர் அதன்படி நடந்தாரா என்பதையும் சற்று விசாரிக்க எண்ணுகிறோம்.

அடியார்க்கு அடிமை பூணுதல் தமிழர்க்குப் புதிய கருத்தன்று. தொண்டரடிப்பொடி என்பதையே பெயராகக் கொண்ட ஆழ்வார் ஒருவர் நமக்கு இருக்கிறார். ஆயினும் இத்தகைய பெயர்களைக் கண்டவுடன் கைகூப்பிவிட நாம் தயாராயில்லை. சட்டம் படித்த எமக்குக் காகிதத்தில் எழுதிய பணிவின் மதிப்பு நன்றாகத் தெரியும். ஆங்கில ஆட்சியின் நாட்களில், ஏழைக் குடிகளின் மனுவை இரண்டே வரியில் தள்ளிவிட்ட கலெக்டர்கள்கூடத் தம் கடிதத்தின் அடியில் ‘தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்’ என்று கையொப்பமிடத் தவறியதில்லை. எனவே கையொப்பத்தை விட்டுவிட்டு வரலாற்றைப் பார்ப்போம்.

கிரெகோரியார் சுமார் 540இல் ரோமாபுரியில் பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். சுமார் 573இல் அந்நகரத்தின் அதிபதியாக இருந்து, பட்டாடையும் இரத்தினமும் அணிந்து வீதிவலம் வந்தவர். பின்னர் அவ்வளவையும் துறந்து, சீலியன் குன்றின்மேலிருந்த தம் பிதுரார்ஜித மாளிகையையே மடமாக்கி, அதில் தாமும் ஒரு துறவியாக அமர்ந்தார். அங்கே இருக்கவும் அவரை விடவில்லை. கான்ஸ்டாண்டிநோபிளில் சக்கரவர்த்தியின் சமுகத்திற்குப் போப்பின் தூதராக அனுப்பப்பட்டு, சில ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்தார். 589இல் டைபர் நதி பெருகிக் களஞ்சியங்களை அழித்தது. வெள்ளத்தைத் தொடர்ந்து கொள்ளைநோய் வந்தது. 590 பிப்ரவரியில் போப் இரண்டாம் பெலேஜியஸ் அந்நோய்க்கே இரையானார். ஜனங்கள் கிரெகோரியாரைத் தெரிந்துகொண்டார்கள். அவரோ இந்தத் தேர்தலை அங்கீகரிக்க வேண்டாமென்று சக்கரவர்த்திக்கு இரகசியமாக நிருபம் அனுப்பினார். நகராதிபதி அதை வழியில் பறித்து, தேர்தல் செய்தியை மட்டும் அனுப்பிவைத்ததாக அக்காலத்துச் சரித்திரக்காரரான தூர் நகரத்துக் கிரெகோரி எழுதுகிறார். பதில் வருமளவும் கிரெகோரியார் சும்மா இருக்கவில்லை. நகரத்தாரை ஏழு கூட்டமாக வகுத்துப் பிரார்த்தனை ஊர்வலம் நடத்தினார். அந்த ஊர்வலத்தில் ஒரு நாழிகைப் பொழுதில் 80 பேர் விழுந்து மாண்டார்கள் என்று நேரில் கண்டவர் சொன்னதாகவும் அதே ஆசிரியர் குறிக்கிறார். பட்டம் சூட்டப்பட்டது செப்டம்பர் 3ஆம் தேதி. ஓட நினைத்ததற்காக ஒரு சக பிஷப் கண்டித்து எழுதவே, அதற்கு விடையாகப் பிறந்ததுதான் ‘மேய்ப்பரின் விதி’ என்ற நூல்.

நூல் நான்கு பாகம். முதற் பாகம் தலைமைக்கு வரத் தகுந்தவன் யார் என்பது. பதவியை விரும்பித் துரத்துகிறவனை ஆசிரியர் கண்டிப்பார் என்று எவரும் எதிர்பார்க்கலாம், அவ்வாறே கண்டிக்கிறார். சரீரத்தின் காயத்தை ஆற்றவே மருந்தறிந்தவன் வேண்டியிருக்க, ஆத்துமாவின் காயத்தைத் தொடக் கூசாத கற்றுக்குட்டிகளைக் கண்டு வியக்கிறார். ஆனால் திறமை இருந்தும் தமது ஏகாந்த சுகத்திற்காக ஒதுங்கி நிற்பவரையும் அவர் விடவில்லை. தாமே ஓடப் பார்த்தவர் இதை எழுதுகிறார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வேதாகமத்திலிருந்து இரண்டு தீர்க்கதரிசிகளை எதிரெதிராக நிறுத்துகிறார். ஏசாயா தன்னை அனுப்பும்படி தானே முன்வந்தான், எரேமியா தான் சிறுபிள்ளை என்று பின்வாங்கினான். இருவருடைய வாயிலும் வந்தது வேறு, உள்ளத்தில் இருந்தது ஒன்றே என்கிறார் கிரெகோரியார். ஒருவனுக்கு அயலானிடத்தில் அன்பு, மற்றவனுக்குத் தெய்வ தியானத்தில் அன்பு. முன்வந்தவன் முதலில் சுத்திகரிக்கப்பட்டான், பின்வாங்கியவன் கட்டளை வந்தபின் பிடிவாதம் செய்யவில்லை.

நம்முடைய சங்கங்களின் வருஷாந்தரத் தேர்தல்களைப் பார்த்துவரும் எமக்கு இந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. எமக்குத் தலைமை வேண்டாம், நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள் என்று சொல்லும் கனவான்கள் எத்தனை பேர்! வற்புறுத்துவதற்கென்றே நண்பர்களைத் தயார் செய்துகொண்டு வருகிறவர்களையும் நாம் அறிவோம். கிரெகோரியார் வைக்கும் பரிசோதனை எளிது. பதவி இல்லாதபோது பெருமைப்பட்டவன் பதவி வந்தபின் பணிவு கற்கப் போவதில்லை. கடல் அமைதியாக இருக்கையில் சுக்கான் பிடிக்கத் தெரியாதவனைப் புயலில் யார் நம்புவார்?

வந்தபின் கெட்டுப்போகிறவர்களும் உண்டு. அதற்கு அவர் காட்டுவது சவுல் ராஜனை. தன் பார்வைக்குத் தான் சிறியவனாயிருந்த காலத்தில் இஸ்ரவேலுக்குத் தலைவனாக்கப்பட்ட அவன், தன் பார்வைக்குத் தான் பெரியவனானபின் தள்ளப்பட்டான். உயர்ந்த ஸ்தானத்தில் இருப்பவனைச் சுற்றி நாலாபக்கமும் புகழ்ச்சி எழும்ப, அவன் தன்னை உள்ளே பார்ப்பதை விட்டு வெளியே கேட்பதைக்கொண்டே அளக்கத் தொடங்குகிறான். தன் சொல்லுக்கு எல்லோரும் கீழ்ப்படிவதால் தான் எல்லோரைக் காட்டிலும் அறிவாளி என்று எண்ணிக்கொள்கிறான். கட்டளை நிறைவேறுவதும் கட்டளை சரியாயிருப்பதும் வேறு வேறு என்பது அவனுக்கு மறந்துபோகிறது.

பணிவு என்பது வளைந்து கொடுத்தல் அன்று என்பதையும் அவர் தெளிவாகவே சொல்கிறார். கொர்நேலியு என்ற நூற்றுக்கு அதிபதி காலில் விழுந்தபோது, தானும் மனிதனே என்று சொல்லி அவனைத் தூக்கி நிறுத்திய அதே பேதுரு, வஞ்சகம் செய்த அனனியா சப்பீராள் தம்பதிகளின் முன் எவ்வளவு கடுமையாக நின்றான்! நல்லவர்களோடு சமானம், குற்றத்தின் முன் அதிகாரம் என்பது இதன் கருத்து. காயம்பட்டுக் கிடந்தவனுக்குச் சமாரியன் திராட்சரசமும் எண்ணெயும் வார்த்ததை எடுத்துக்கொண்டு, எரிய வைப்பதும் ஆற்றுவதும் சேர்ந்தே மருந்து என்கிறார். உடன்படிக்கைப் பெட்டிக்குள் கோலும் மன்னாவும் சேர்ந்திருந்ததையும் இதற்கே கொள்கிறார்.

மூன்றாம் பாகமே நூலின் பெரும்பகுதி, சுமார் 40 அதிகாரங்கள். எல்லோருக்கும் ஒரே புத்திமதி உதவாது என்பதுதான் விஷயம். தந்திகள் பல, மீட்டும் கோல் ஒன்று, ஆனால் ஒவ்வொரு தந்தியையும் தட்டும் விதம் வேறு என்று உவமை சொல்லி, ஏழையர் செல்வர், எஜமானர் ஊழியர், கற்றவர் மந்தர், அதிகம் பேசுவோர் பேசாதிருப்போர், அவசரக்காரர் சோம்பர் என்று இரட்டை இரட்டையாக எடுத்து, இன்னாரிடம் இன்னவாறு பேசவேண்டுமென்று விவரிக்கிறார். மேடையேறுகிறவர்கள் படிக்க வேண்டிய பகுதி இது. யாக்கோபின் நிருபம் பொறாமையையும் விரோதத்தையும் விளைவிக்கும் ஞானத்தைப் பூமிக்குரியதென்றும், சமாதானமும் இணக்கமும் உள்ளதை மேலிருந்து வருவதென்றும் பிரித்துக் காட்டுவதைக் கிறிஸ்தவ சகோதரர்கள் அறிவார்கள். அந்த மேலான ஞானம் ஒரு மனிதனுடைய வாயில் எப்படி இருக்கும் என்பதற்கு இவ்வதிகாரங்களை உரையாகக் கொள்ளலாம்.

செல்வரைக் கண்டித்து ஏழையைத் தேற்றுக என்று சொல்லிவிட்டு, அப்படியே நிறுத்திவிடாமல், சில வேளை பணப்பை நிறைந்தவன் தாழ்மையுள்ளவனாகவும், வெறுங்கையன் கர்வியாகவும் இருப்பதுண்டு, உடையைப் பார்த்துப் பேசாமல் மனத்தைப் பார்த்துப் பேசுக என்கிறார். அதிகாரம் உள்ள கர்வியிடம் உண்மையைச் சொல்வது எப்படி? நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜனிடம் சென்ற கதையை எடுக்கிறார். பிறன் மனைவியைக் கவர்ந்து அவள் புருஷனையும் கொல்வித்த ராஜனிடத்தில், ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பறித்துக்கொண்ட வழக்கைச் சொல்லித் தீர்ப்புக் கேட்டான் நாத்தான். ராஜன் சீறித் தீர்ப்பளித்தபின்தான் குற்றவாளி நீயே என்றான். ரணத்தைக் கீற வரும் வைத்தியன் கத்தியை ஆடைக்குள் மறைத்து வருவதுபோல என்று கிரெகோரியார் இதற்கு உவமை கூறுகிறார். பிரதிவாதியின் பெயரைச் சொல்லாமலே நீதிபதியிடம் தீர்ப்பை வாங்கிய இந்த வக்கீலைப்போல் ஒருவனை நாம் எந்தக் கோர்ட்டிலும் கண்டதில்லை!

இன்னோரிடத்தில், இல்லாதவனுக்கு அவசியமானதைக் கொடுக்கிறபோது நாம் நம்முடையதைத் தானம் செய்வதில்லை, அவனுடையதையே அவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறோம், அது தயையைவிட நியாயத்தின் பாற்பட்டது என்ற கருத்தை வெளியிடுகிறார். தலைமை வகிப்பவனுடைய பணிவுக்கு இதுவே உரைகல் என்று நமக்குத் தோன்றுகிறது. காலில் விழுவது அரைக்கணத்தில் முடியும். கணக்கைச் சரிபார்ப்பதுதான் கஷ்டம்.

கிரெகோரியார் கணக்கைப் பார்த்தார். ரோமாபுரிச் சபைக்குச் சிஸிலித் தீவில் விஸ்தாரமான நிலங்கள் இருந்தன. அவற்றின் தானியமே ரோமாபுரியின் ஏழைகளுக்குச் சோறு. அங்கே மேற்பார்வைக்குச் சென்ற பேதுரு என்ற உபதியாகோனுக்கு 591இல் அவர் எழுதிய நிருபம் ஒன்று இன்றும் இருக்கிறது. (அவருடைய நிருபங்கள் சுமார் 850 கிடைத்துள்ளன.) குடியானவர்களிடம் பெரிய மரக்காலால் அளந்து வாங்குகிறார்கள் என்று கேள்வி, அதை நிறுத்து. கள்ள எடைகளை ஒழி. கலியாணக் கட்டணம் ஸாலிடஸ் என்னும் பொன் ஒன்றுக்கு மேற்படக் கூடாது, ஏழையானால் அதிலும் குறைவு. விளைச்சலை விற்குமுன்னே முதல் தவணை வரியைக் கேட்டு நெருக்குவதால் குடிகள் கடுவட்டிக்குக் கடன் வாங்குகிறார்கள், ஆகையால் சபையின் பணத்திலிருந்தே முன்கடன் கொடுத்துச் சிறுகச் சிறுக வசூல் செய். இவையெல்லாம் தம்முடைய சபையே தன் குடிகளுக்குச் செய்துவந்த கொடுமைகள் என்பதை மறைக்காமல் எழுதுகிறார். இவற்றைவிட எம் மனத்தைக் கவர்ந்தது மற்றொரு கட்டளை: இந்த நிருபத்தை ஒவ்வொரு பண்ணையிலும் குடியானவர்கள் கேட்கும்படி வாசிக்க வேண்டும், தங்களைத் தாங்களே எப்படிக் காத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேலதிகாரி தன் காரியஸ்தனுக்கு எழுதும் கடிதத்தைக் குடிகளிடமே படித்துக் காட்டச் சொல்வதென்றால், தன் ஆட்களை எதிர்க்கும் ஆயுதத்தைத் தானே அவர்கள் கையில் கொடுப்பதல்லவா? நமது சர்க்கார் இலாகாக்களிலும், ஏன், நமது கட்சிகளிலும், இந்த வழக்கம் எவ்வளவு தூரம் இருக்கிறதென்று நேயர்களே சொல்லட்டும்.

இதே பேதுருவுக்கு வேறொரு கடிதம். சவாரிக்கென்று அவன் ஒரு மோசமான குதிரையையும் ஐந்து நல்ல கழுதைகளையும் அனுப்பியிருந்தானாம். குதிரை மோசமாயிருப்பதால் அதில் ஏற முடியவில்லை, கழுதைகள் கழுதைகளாயிருப்பதால் அவற்றிலும் ஏற முடியவில்லை என்று கிரெகோரியார் அலுத்துக்கொள்கிறார். ஹாஸ்யம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அவருடைய ஆண்டவர் எருசலேமுக்குள் பிரவேசித்தது எந்த வாகனத்தில் என்பது அந்தக் கணத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை போலும்!

கான்ஸ்டாண்டிநோபிளின் பிரதம குருவான யோவான், உலகப் பொதுவான பிதா என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டதை எதிர்த்து 595இல் கிரெகோரியார் நடத்திய போராட்டம் பிரசித்தமானது. ரோமாபுரியின் முதன்மைக்குப் பங்கம் வருமென்ற கவலையும் அதில் இருந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வதை நாம் மறுக்கவில்லை. எனினும் 598இல் அலெக்சாந்திரியாவின் யூலோஜியஸ், தாங்கள் கட்டளையிட்டபடி என்று எழுதி, அதே பொதுப் பட்டத்தைக் கிரெகோரியாருக்கே சூட்டியபோது, அவர் அதை ஏற்காமல், கட்டளை என்ற சொல்லை இனி என் காதில் போடாதீர், என் சகோதரரின் மதிப்பைக் குறைத்து வருவது எனக்கு மதிப்பாகாது என்ற கருத்தில் பதில் எழுதினார். பிறனுக்கு மறுத்ததைத் தமக்கும் மறுத்தார். வாதத்தில் நேர்மைக்கு இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

அரசனை அவர் எதிர்கொண்ட விதமும் ஆராயத்தக்கது. சேவகர்களும் உத்தியோகஸ்தர்களும் மடத்தில் சேரக்கூடாதென்று மௌரீஸ் சக்கரவர்த்தி ஒரு சட்டம் பிறப்பித்தார். 593இல் கிரெகோரியார் அச்சட்டத்தைக் கட்டளைப்படி எல்லா இடங்களுக்கும் அனுப்பினார், கையோடு அது தெய்வத்திற்கு விரோதமானதென்றும் அரசனுக்கு எழுதினார். கீழ்ப்படிதலும் செய்தாயிற்று, மனச்சாட்சியையும் சொல்லியாயிற்று என்பது அவர் நிலை. நமக்கு இது முழுத் திருப்தி அளிக்கவில்லை. அநியாயமென்று கண்டதை ஊரெல்லாம் பரப்பிவிட்டு, அநியாயம் என்று தனிக் கடிதம் எழுதுவது பாதி வழியில் நிற்பதாகும். ஆனால் அவர் கோழையல்லர். அதே ஆண்டில் லாம்பார்டியர்களின் அரசன் அகிலுல்ப் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, சக்கரவர்த்தியின் சேனை வந்து காப்பாற்றவில்லை. கிரெகோரியாரே பொன் கொடுத்து நகரத்தை மீட்டார். பின்னும் சமாதானத்திற்கே முயன்ற அவரை மௌரீஸ் பேதை என்று எழுதினார். விவேகமில்லாத கபடின்மைக்குப் பெயர் மூடத்தனம், ஆகவே தாங்கள் சொல்வது அதுதான், அதை ஒப்புக்கொள்கிறேன், மூடனாக இராவிட்டால் இந்த வாள்களின் நடுவில் இங்கே இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேனா என்ற தோரணையில் 595இல் அவர் அனுப்பிய மறுமொழி, பணிவின் உடையில் வந்த சாட்டையடி.

இங்கே நிறுத்திக்கொண்டால் நமது கட்டுரை அழகாக முடிந்துவிடும். ஆனால் 602 நவம்பரில் போகாஸ் என்ற படைத்தலைவன் கலகம் செய்து, மௌரீஸின் கண்ணெதிரே அவருடைய ஐந்து புதல்வர்களையும் வெட்டி, பின் அவரையும் வெட்டிச் சிங்காசனம் ஏறினான். 603இல் கிரெகோரியார் அந்தக் கொலைகாரனுக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினார். சாதாரண மரியாதைக் கடிதமன்று. வானமும் பூமியும் களிகூர வேண்டுமென்ற தோரணையில் எழுதிய கடிதம். முழு விவரம் அவருக்கு எட்டியிராது என்றும், லாம்பார்டியர் வாசலில் நிற்கையில் புது அரசனைப் பகைத்துக்கொள்ள முடியாதென்றும், அரசர்க்கு எழுதும் நடையே அதுதான் என்றும் சமாதானம் சொல்கிறார்கள். எமக்கு இவற்றுள் ஒன்றும் போதவில்லை. நாத்தானின் கதையை அவ்வளவு நயமாக எழுதிய கையல்லவா அது? கத்தியை ஆடைக்குள் மறைத்தாவது கொண்டுபோயிருக்க வேண்டாமா? மௌரீஸின் மனைவிக்கு அன்போடு கடிதங்கள் எழுதியிருந்தவர், அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

அவருடைய நூலின் நான்காம் பாகம் ஒரே அதிகாரந்தான். பிறர்க்கு நன்றாக உபதேசித்து முடித்தவனைத் தன் சாமர்த்தியமே கவிழ்த்துவிடும், ஆகையால் உடனே தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். கடைசியில் நண்பரை நோக்கி, அழகிய மனிதன் ஒருவனைச் சித்திரமாக எழுதிவிட்டேன், எழுதியவனோ விகாரமானவன், பிறரைக் கரைக்கு வழிகாட்டும் நான் இன்னும் அலைகளில் தத்தளிக்கிறேன், உமது பிரார்த்தனை என்ற பலகையால் என்னைத் தாங்கும் என்று வேண்டிக்கொள்கிறார். இதைப் படிக்கிறவர்கள் வழக்கமான அவையடக்கம் என்று எண்ணலாம். போகாஸுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தபின் அப்படி எண்ண முடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தம்மைப்பற்றி அவர் மெய்யையே எழுதியிருக்கிறார்.

அந்நூலை மௌரீஸ் சக்கரவர்த்தியே கேட்டு வாங்கினார். அந்தியோகியாவின் அனஸ்டாசியஸ் அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், டேனியரோடு போராடி நாட்டை மீட்ட ஆல்பிரட் அரசர் அதைத் தம் நாட்டு மொழியில் ஆக்கி ஒவ்வொரு பிஷப்புக்கும் ஒரு பிரதி அனுப்பினார். அவற்றுள் வூஸ்டர் நகரத்திற்குச் சென்ற பிரதி ஆக்ஸ்போர்டில் பாட்லியன் புத்தகசாலையில் இன்றும் இருக்கிறது. ஆசிரியரோ கடைசி ஆண்டுகளைப் படுக்கையிலேயே கழித்தார். வாதநோயால், திருநாட்களில்கூட மூன்று நாழிகை நேரம் எழுந்திருப்பதே அரிதாயிருந்ததென்று யூலோஜியஸுக்கு எழுதுகிறார். படுக்கையில் இருந்தபடியே சிஸிலிக் கணக்குகளையும் பார்த்துவந்தார். 604 மார்ச் 12ஆம் தேதி இறந்தார்.